நாலு திருகாணியும் ஒரு வரிசைப் பல்லும்



"ரீச்சர், வாய் முழுக்கப் பல் நடுகிறார்களாமே, நீங்களும் செய்தீர்களாம். நோகுமா? காசு எவ்வளவு முடியும்? என்னைப் போன்ற சீனி வருத்தக்காரிக்கும் சரிவருமா?" என்று மாத்தளையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு மாதமாக யோசித்தேன். வாய்க்குள் நடந்ததை ஊருக்குச் சொல்லக் கூச்சம்தான். ஆனால் கேட்டவருக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும்.

எனக்குக் கீழ்ப்பல் எல்லாம் ஐம்பத்தாறு வயதிலேயே போய்விட்டன. முரசு வருத்தம்; வெற்றிலைப் பழக்கமும் இருந்தது, மறைக்கவில்லை. மேலும் கீழும் கட்டுப்பல் போட்டேன். மேல் கட்டுப்பல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒழுங்காக நின்றது. கீழ்க் கட்டுப்பல்தான் படுத்தியது. நாக்கு அசைந்தால் அதுவும் அசையும். கலியாண வீட்டில் பந்தியில் இருக்க மாட்டேன், "விரதம்" என்று சொல்லிவிடுவேன். வருடத்தில் இத்தனை விரதமா என்று தங்கச்சி ஒருநாள் கேட்டாள். அவள் கனடாவில் இருப்பவள். பாதிப் பணம் தருகிறேன் என்று சொன்னவளும் அவள்தான்.

பல் இல்லாத தாடை எலும்பு வருடா வருடம் தேய்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஒருகாலம் இறுக்கமாக இருந்த கட்டுப்பல் பிறகு ஆடுகிறது. இதற்கு வழி காட்டியவர் சுவீடன் நாட்டு வைத்தியர் பெர்-இங்வார் பிரோனமார்க். 1952 இல் முயலின் கால் எலும்புக்குள் வைத்த தைத்தேனியம் உலோகத்தைத் திரும்ப எடுக்கப் போனார். எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. 1965 இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதே உலோகத்தைப் பதித்தார். அந்த மனிதர் நாற்பது வருடம் அந்தப் பல்லோடே வாழ்ந்தார். பிறகு போர்த்துக்கல் நாட்டுப் பல் வைத்தியர் பவுலோ மாலோ, முழுத் தாடைக்கும் நாலு திருகாணி போதும், பின்னிரண்டையும் சரித்துப் போட வேண்டும் என்று செய்து காட்டி, 2003 இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். கீழ்த் தாடையின் பின்பகுதிக்குள் உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. அதில் படாமல் ஒதுங்கத்தான் இந்தச் சரிவு.

எனக்குச் செய்ததும் அந்த முறைதான், கீழ்த் தாடைக்கு மட்டும். 2023 மாசி மாதம், கொழும்பில் ஒரு தனியார் இடத்தில். அதற்கு முன் முப்பரிமாண ஸ்கான் எடுத்து எலும்பின் உயரமும் அகலமும் பார்த்தார்கள். குருதியில் மூன்று மாதச் சராசரிச் சீனியும் பார்த்தார்கள். மாத்தளைச் சகோதரிக்குச் சொல்கிறேன்: சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் அது தடையல்ல, கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறாது, எலும்பும் பிடிக்காது. எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒன்றாக விழுங்கும் அலென்ட்ரோனேற் குளிசை பாவிப்பவர்கள் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. குருதி உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர்களும் சொல்ல வேண்டும், தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

அன்று விறைப்பு ஊசி மட்டும்தான், மயக்கவில்லை. இரண்டரை மணித்தியாலம் வாயைத் திறந்து கிடந்தேன். நோவில்லை. ஆனால் எலும்பைத் துளைக்கும் அதிர்வு மண்டைக்குள் கேட்கும். அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். திருகாணி நன்றாக இறுகினால்தான் அன்றே தற்காலிகப் பல் பூட்டுவார்கள், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு மாலையே பூட்டினார்கள். பிளாத்திக்குப் பல் வரிசை. கண்ணாடியில் பார்த்து அழுதேன்.

மூன்றாம் நாள்தான் வீக்கம் உச்சத்துக்கு வந்தது. நாடியிலிருந்து கழுத்து வரை நீலம் பாய்ந்து, பேத்தி பயந்து கிட்ட வரவில்லை. ஒரு கிழமையில் வடிந்தது. பத்தாம் நாள் தையல் வெட்டினார்கள். 'ச' எழுத்துச் சொல்ல நாக்கு இரண்டு கிழமை தடுமாறியது. முப்பது வருடம் படிப்பித்தவளுக்கு அதுதான் பெரிய வெட்கம்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். நோவு போனதும் குணமாகிவிட்டது என்று நினைப்போம். உண்மையில் எலும்பு உலோகத்தைப் பிடிக்கக் கீழ்த் தாடையில் மூன்று மாதமளவில் செல்லும், மேல் தாடை எலும்பு மென்மையானது, அங்கே இன்னும் கூடச் செல்லும். அதுவரை கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம், மசித்த பருப்பு, அவித்த முட்டை, பப்பாசிப்பழம் என்று நாக்கால் நசிக்கக்கூடியதைத்தான் சாப்பிட வேண்டும். "அம்மா, இது பார்க்கிறதுக்கும் கதைக்கிறதுக்கும் தந்த பல். கடிக்கிறதுக்கு இல்லை" என்று டொக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்.

ஐந்தாம் கிழமை பக்கத்து வீட்டில் பூப்புனித நீராட்டு. எட்டு வருடத்துக்குப் பிறகு பந்தியில் இருக்கிறேன். தட்டில் முறுக்கு. ஒன்றே ஒன்று என்று கடித்தேன். பல் வரிசை 'டக்' என்று வெடித்தது. கொழும்புக்கு ஓடினேன். பார்த்தால், இடப்பக்கப் பின் திருகாணியும் ஆடுகிறது! முறுக்கால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சிலருக்குக் காரணமில்லாமலும் எலும்பு பிடிக்காமல் போவதுண்டு என்றார் டொக்டர். ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அதைக் கழற்றினார்கள். வீட்டில் கிடந்த பழைய கட்டுப்பல்லின் அடியைக் குடைந்து, மெத்தென்ற பொருள் தடவித் திரும்பவும் போட்டுக்கொண்டேன். ஆவணியில் வேறு திருகாணி பதித்து, நிரந்தரப் பல் பூட்டியது 2024 தை மாதம். ஐந்து மாதத்தில் முடிய வேண்டியது பதினொரு மாதம் இழுத்தது. தங்கச்சிக்கு முறுக்குக் கதையைச் சொல்லவே இல்லை. இனி இதை வாசித்து அறிந்துகொள்வாள்.

காசு பற்றி: என் ஒரு வருட ஓய்வூதியத்தைச் சேர்த்து வைத்தாலும் காணாது. சாமான்கள் வெளிநாட்டிலிருந்து வருபவை, 2022 இல் ரூபாய் விழுந்த பின் விலை ஏறிவிட்டது. முதலிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: தற்காலிகப் பல், நிரந்தரப் பல் இரண்டும் கணக்கில் சேர்ந்தவையா, ஒரு திருகாணி பிடிக்காவிட்டால் மறுபடி பதிக்கும் செலவு யாருடையது, திருகாணி எந்தக் கம்பனியுடையது. கடைசிக் கேள்வி முக்கியம். பத்து வருடத்தில் உதிரிப் பாகம் தேவைப்பட்டால் அந்தப் பெயரில்லாமல் தேட முடியாது.

இவ்வளவு முடியாதவர்களுக்கு இன்னொரு வழியுண்டு. கீழ்த் தாடையில் இரண்டே இரண்டு திருகாணி பதித்து, சட்டைப் பொத்தானை அமுக்குவதுபோல் கட்டுப்பல்லை அதில் மாட்டலாம். இரவில் கழற்றிக் கழுவலாம். 2002 இல் கனடாவின் மொன்றியல் நகரில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த் தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்றார்கள். எனக்கு இதை யாராவது முதலில் விளக்கியிருந்தால் இதையே தெரிந்திருப்பேனோ என்று இப்போதும் நினைப்பதுண்டு.

பூட்டிய பல்லுக்குச் சூத்தை வராது. ஆனால் அதைச் சுற்றிய முரசு பழுதாகலாம், அதோடு எலும்பும் கரையலாம். பல் வரிசைக்கும் முரசுக்கும் இடையில் கீரை நார் போய்ச் சேரும். ஒவ்வொரு இரவும் சின்னத் தூரிகையாலும் தடித்த நூலாலும் அடியைத் துப்புரவு செய்ய எனக்குப் பத்து நிமிடம் வேண்டும். வெற்றிலையை விட்டுவிட்டேன். புகைப்பவர்களுக்கும் இது தோற்கும் வாய்ப்புக் கூட. இன்னொன்று: சொந்தப் பல்லைப் போல இதற்கு உணர்ச்சியில்லை. சோற்றில் கல் கடிபட்டால் சத்தம்தான் கேட்கும், கூச்சம் தெரியாது.

இப்போது றொட்டியும் இறைச்சியும் சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் ஆறுமாதச் சோதனைக்குப் போக வேண்டும், திருகாணிகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்ப்பார்கள். போகும்போது மேல் கட்டுப்பல்லையும் காட்ட வேண்டியிருக்கிறது. கீழே பலமாகக் கடிக்கக் கடிக்க, இவ்வளவு காலமும் ஒழுங்காக நின்ற அது இப்போது ஆடத் தொடங்கியிருக்கிறது.