பழந்தாளும் பொக்கிஷமே!

மயிலாப்பூரிலிருந்து தெற்கே தரமணிக்குப் போனால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம் மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீசு, கலியாணப் பத்திரிகையைக்கூட விடவில்லை! 1992-இல் அவர் காலமானார். சேகரம் சிதறாதபடி 1994-இல் சிகாகோ பல்கலைக் கழகம் அதை விலைக்கு வாங்கியது. ஆனால் கடல் கடத்திவிடவில்லை, சென்னையிலேயே வைத்தது.

2007-இல் அங்கே சிந்துவெளி ஆய்வு மையமும் பிறந்தது. 1977-இல் சிந்து எழுத்துக்களைத் தொகுத்து வெளியிட்ட ஐராவதம் மகாதேவன் அதற்குத் துணை நின்றார். அந்த முத்திரைகள் பேசுவது எந்த மொழி என்பதில் இன்னமும் சண்டைதான். சண்டை போடுவதற்கும் சான்று வேண்டுமே!

பரணிலுள்ள பழைய தாள்களை எடைக்குப் போடுமுன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள், நேயர்களே. நாளைய சரித்திரக்காரர் தேடி வருவது அதையாகவும் இருக்கலாம்!