வாடகைக்குப் போகும் வங்கிக் கணக்கு

"உன் பேர்ல ஒரு அக்கவுன்ட் மட்டும் ஓப்பன் பண்ணிக் கொடு. வேற எதுவும் நீ செய்ய வேண்டாம்."

கல்லூரி மாணவர்களை வளைக்க இணைய மோசடிக் கும்பல்கள் வீசும் தூண்டில் இவ்வளவுதான். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் கார்டு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் சில ஆயிரம் ரூபாய் கைக்கு வரும். போலீஸார் இதை ‘மியூல் அக்கவுன்ட்’ என்கிறார்கள். மியூல் என்றால் கோவேறு கழுதை. பொதிக்குள் என்ன இருக்கிறது என்பது கழுதைக்குத் தெரியாது. நம் பிள்ளைகள் பலருக்கு அரைகுறையாகவாவது தெரிந்திருக்கிறது என்பதுதான் வேதனை. முகம் தெரியாத ஒருவன் வெறும் கணக்குக்கு ஏன் காசு தருகிறான் என்று யோசிக்காத அளவுக்கு அவர்கள் அப்பாவிகள் அல்ல.

2024இல் இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் சொன்னது மத்திய அரசு. முந்தைய ஆண்டைப் போல மூன்று மடங்கு! ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்திருப்பதாகப் போலி போலீஸாரால் வீடியோ அழைப்பில் மிரட்டப்பட்ட ஓய்வுபெற்ற ஆசிரியை, வைப்புநிதியை உடைத்து அனுப்பும் பணம் நேராகத் திருடன் கைக்குப் போவதில்லை. முதலில் ஒரு மாணவனின் கணக்கில் விழுகிறது. சில நிமிடங்களில் பத்துக் கணக்குகளுக்குச் சிதறி, ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடுகிறது. அவர் பதறித் துடித்து இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைப்பதற்குள் பெரும்பகுதி கரைந்திருக்கும். அடுத்த முறை போன் மணி அடித்தால் எடுக்கவே அவருக்குக் கை நடுங்கும். வெளிமாநிலப் போலீஸ் தடம் பிடித்து வந்து நிற்பதோ, அந்த மாணவனின் வீட்டு வாசலில். ஆதார் அவனுடையது, கையெழுத்தும் அவனுடையது. கமிஷன் கொடுத்தவனுக்கு டெலிகிராமில் ஒரு புனைபெயர் மட்டுமே.

தூண்டில் கடல் கடந்தும் நீள்கிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, அடித்து உதைத்து மோசடி வேலையில் உட்கார வைத்தார்கள். அங்கே சிக்கிய சுமார் 300 இந்தியர்களில் 50 பேர் தமிழர்கள் என்று 2022 செப்டம்பரில் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர் இப்படி அடைபட்டிருக்கலாம் என்றது ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை. 2025 மார்ச்சில் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் மீட்கப்பட்டார்கள். ஆக, மதுரையில் ஒரு பெரியவரை மிரட்டும் குரல், முதுகில் விழப்போகும் அடிக்குப் பயந்த இன்னொரு வீட்டுப் பிள்ளையின் குரலாகவும் இருக்கலாம்.

போன் அழைப்புகளுக்கு முன்னால் எச்சரிக்கை காலர் ட்யூனை ஓடவிட்டது அரசு. மக்கள் எரிச்சல்பட்டதுதான் மிச்சம். கணக்கைக் கொடுத்தவன் கைதாவதோடு பல வழக்குகள் படுத்துவிடுகின்றன. வாங்கிய ஏஜென்ட் அடுத்த கல்லூரிக்கு நகர்ந்துவிடுகிறான். அவனைத் தேடிப் பிடிக்கத் தனிப்படை வேண்டும். மாணவன் கணக்கில் திடீரென லட்சங்கள் வந்து அதே மணி நேரத்தில் வெளியேறினால், வங்கியின் கம்ப்யூட்டர் அதை நிறுத்தி ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

கல்லூரி திறக்கும் நாளில் பல வளாகங்களில் வங்கிகளே மேஜை போட்டுக் கணக்கு தொடங்கிக் கொடுக்கின்றன. கணக்கை இரவல் கொடுத்தால் சிறைக்குப் போக நேரிடும் என்பதைப் பெரிய எழுத்தில், தமிழில் அச்சடித்து அந்த மேஜையில் வைக்கட்டும். மாணவர் படித்த பிறகு கையெழுத்து வாங்கட்டும்.