எங்கே தண்ணீர் ஊற்றுவது?

நீங்கள் வீடு கட்டிக்கொண்டிருப்பவரா? இல்லை, கட்டி முடித்துவிட்டு மழைக்காலத்தில் ஹாலில் பிளாஸ்டிக் வாளி வைப்பவரா? எதுவானாலும் இந்த வாரத் திட்டு உங்களுக்குத்தான். எனக்கும் சேர்த்துத்தான்.

பாத்ரூம் டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குகிறீர்கள். தளம் போடுகிற அன்றைக்கு மட்டும் எல்லாவற்றையும் மேஸ்திரி தலையில் கட்டிவிட்டு, வேலையாட்களுக்கு பிரியாணி வாங்கக் கிளம்பிவிடுகிறீர்கள். இருந்து பாருங்கள் சார்! கலவை கெட்டியாக இருந்தால் தள்ளக் கஷ்டம். "தண்ணி விடுப்பா" என்று ஒரு குரல் வரும். ஒரு குடம் விழும். பத்து நிமிஷத்தில் இன்னொரு குடம். கலவை பாயசம் மாதிரி தானாகவே ஓடும். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஐ.எஸ். 456 என்று ஓர் இந்தியத் தர விதி இருக்கிறது. எம்-20 சாதாரணக் கலவைக்கு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது. மணலில் இருக்கிற ஈரமும் அந்தக் கணக்கில் சேர்த்தி. அதிகமாக ஊற்றிய தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும். அது இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாக நிற்கும். ஐப்பசியில் உங்கள் வாளிக்கு வருகிற தண்ணீருக்கு அதுவும் ஒரு வழி.

மறுநாள் கதை தலைகீழ். அப்போதுதான் நிஜமாகவே தண்ணீர் வேண்டும். அப்போது கஞ்சத்தனம்! கான்கிரீட் 'காய்ந்து' இறுகுகிறது என்றுதான் நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம். இல்லை. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து வேதி மாற்றம் அடைந்துதான் இறுகுகிறது. ஈரம் போனால் அந்த வேலையும் நின்றுவிடும். அதே விதி சாதாரண சிமென்ட்டுக்கு ஏழு நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்கும் கடும் வெயில் காலத்துக்கும் குறைந்தது பத்து நாள் இடைவிடாத ஈரம் வேண்டும் என்கிறது. நம் மேஸ்திரிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'தண்ணி அடிக்கறது'. (சிரிக்காதீர்கள்.) காலையில் ஒருமுறை டியூபைக் காட்டிவிட்டுப் போனால் சித்திரை வெயிலில் பதினோரு மணிக்குள் காய்ந்துவிடும். பாத்தி கட்டி நிறுத்த வேண்டும்.

என் வீட்டில் மூன்றாம் நாளே, "போதும் சார், நல்லா செட் ஆயிடுச்சு" என்றார் மேஸ்திரி. லாரித் தண்ணீர்க் காசு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். ஆறாவது வருஷம் பெட்ரூம் சீலிங் பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. நல்லவேளை, கட்டிலில் யாரும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் கம்பி பூராவும் துரு. இரும்பு துருப்பிடித்தால் பருத்து, சுற்றியிருக்கிற கான்கிரீட்டை நெட்டித் தள்ளிவிடும். மிச்சம் பிடித்தது இரண்டு லாரித் தண்ணீர். செலவானதை எழுதினால் வீட்டில் மறுபடி சண்டை வரும்.

உடனே பெயின்ட் கடைக்கு ஓடி, ஒழுகலை நிறுத்தும் வெள்ளைச் சாமான் ஒரு டப்பா வாங்கி வருவோம். சரிவையும் விரிசலையும் சரிசெய்யாமல் அதைப் பூசுவது காய்ச்சல்காரனுக்குப் பவுடர் போடுவது மாதிரி. அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். அதுவும் ஒழுகியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாட்டம் பார்த்துப் போட்டார்கள். நாம் புரட்டாசியில் மாடி ஏறி, மழைநீர்க் குழாய் வாயில் அடைத்த சருகைக்கூட எடுப்பதில்லை.

கீழே இறங்கி வாருங்கள். அங்கே இதைவிட மோசம். வீட்டைச் சுற்றி நாலடி மண் கிடந்தால் நமக்குப் பொறுக்காது. சகதி, எறும்பு, கார் நிறுத்தணும் என்று காம்பவுண்டு வரை சிமென்ட். விழுகிற மழை மொத்தமும் தெருவுக்கு. 2003-ல் தமிழகம் முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நம்மில் பலர் ஒரு குழாயை நட்டு கணக்குக் காட்டினோம். 2015 டிசம்பரில் சென்னை முழுகியது. 2019-ல் அதே ஊருக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நடுவில் நாலே வருஷம்! ஏரிகளை வளைத்தவர்கள் பெரிய ஆட்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வீட்டு நாலடியை வளைத்தது யார்?

காருக்கு வேண்டியது சக்கரம் ஓட இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டை. நடுவில் புல் முளைக்கட்டுமே, என்ன கெட்டுவிட்டது? பேவர் பிளாக் ஆசை இருந்தால், ஜல்லியும் மணலும் பரப்பி அதன்மேல் பதியுங்கள். கான்கிரீட் போட்டு அதன்மேல் பேவர் பதிக்கிற புத்திசாலிகளை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

போன மாதம் என் வீட்டுப் பக்கவாட்டில் மூன்றடி அகலத்துக்கு சிமென்ட்டை உடைக்கச் சொன்னேன். கடப்பாரையோடு வந்தவர் என் முகத்தையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தார். "சார், இது நான் போட்டது சார். நல்லாத்தானே இருக்கு?" என்றார்.