மில்லர்புரத்துல ஒரு சண்டே!

'வீக் எண்ட் ஆச்சுன்னா மதுரைக்கு பஸ் ஏறணும். இங்க என்ன இருக்கு?' மில்லர்புரம் பக்கம் ரூம் எடுத்துப் படிக்கிறவங்களோட வழக்கமான புலம்பல் இது. இந்த ஞாயிறு நம்ம ஊரையே சுத்திப் பாருங்களேன் மக்களே!

காலை 5.30: முத்துநகர் பீச். நம்ம கடல் கிழக்குப் பக்கம். அதனால சன்செட்டுக்குப் போனா ஏமாந்துடுவீங்க, சன்ரைஸ்தான் ஸ்பெஷல்!

காலை 8: பனிமய மாதா பேராலயம். இப்போ இருக்கிற ஆலயம் 1713ல் கட்டினது. 1982ல் பசிலிக்கா அந்தஸ்து கிடைச்சது. எந்த மதமா இருந்தாலும் தாராளமா போகலாம். பூசை நேரத்துல மட்டும் செல்ஃபி வேண்டாமே, ப்ளீஸ்!

காலை 10: ஒட்டப்பிடாரம். வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டியா 1906ல் சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச வ.உ.சி. பிறந்த ஊர். அவர் வீடு இப்போ நினைவு இல்லம்.

மாலை: மக்ரூன்! முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான். கடல் காத்துல சீக்கிரம் நமத்துடும். பாக்கெட்டைப் பிரிச்சா உடனே காலி பண்ணிடணும். (ஃப்ரெண்ட்ஸ் கூட இருந்தா அந்தக் கவலையே இல்லை!)

ஒரு சீரியஸ் மேட்டர். மன்னார் வளைகுடாவுல 21 தீவுகள் இருந்துச்சு. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும் ஒரு காரணமா, அதுல ரெண்டு கடலுக்குள்ள போயிடுச்சு. மிச்சக் கடலையாவது நாம காப்பாத்தணும் இல்லையா? பீச்சுல காலியான தண்ணி பாட்டிலை அங்கேயே வீசாம ரூமுக்குக் கொண்டு வந்துடுங்க. என்ன, ஓ.கே.வா?