கஞ்சில் என்ஜின் போதும்

2010 மார்ச்சில் அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நரேன் கார்த்திகேயன் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் இறங்கினார். ஃபார்முலா 1 வரை ஓடியவர், 33 வயதில் அங்கே புதுமுகம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாத தடம். முட்டி மோதி முந்துவதே அங்கு வழக்கம். 13ஆவதாக வந்தார். ஒரு கோவைக்காரர் அத்தனை தூரம் போனதை 'பிறவித் திறமை' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது சோம்பேறி விளக்கம். நாஸ்கார் நட்சத்திரங்களையே பாருங்கள். ஜெஃப் கோர்டன் ஐந்து வயதில் குட்டிக் கார் ஓட்டத் தொடங்கியவர்; மகன் பந்தயம் ஓட்டுவதற்காகவே குடும்பம் கலிபோர்னியாவை விட்டு இண்டியானாவில் குடியேறியது. ஜோயி லொகானோ 2009இல், 19 வயதில், உச்சத் தொடரில் வென்றதும் எல்லாரும் வயதைத்தான் பேசினார்கள். அதற்குமுன் சிறு தடங்களில் கழிந்த ஆண்டுகளைப் பேசவில்லை. அங்கே சிற்றூர்களிலும் வார இறுதிப் பந்தயம் உண்டு. இந்த வாரம் தோற்றவன் அடுத்த வாரமும் வரலாம். அந்த வசதிதான் ஓட்டுநரை உருவாக்குகிறது.

கோவையிலும் நடந்தது அதுவே. நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டுநர். பஞ்சாலைகளும் வார்ப்பாலைகளும் பட்டறைகளும் நிறைந்த அந்த ஊரில் கரிவரதன் என்பவர் மாருதி கார் என்ஜினைப் பொருத்தி, குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஸ்ரீபெரும்புதூரில் 1990இல் தடம் வந்தது. நரேனின் முதல் பந்தயம் அங்கேதான். 1994இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடர்ப் பட்டம், 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம். அப்போது அவருக்கு 19 வயது. ஆனாலும் ஃபார்முலா 1 கதவு திறந்தது 2005இல், டாட்டாவின் பணத்தோடுதான். 'லூயிஸ் ஹாமில்டன் பணக்கார வீட்டுப் பிள்ளையா?' என்று கேட்கலாம். இல்லை, தந்தை பல வேலை பார்த்தார். ஆனால் பக்கத்தில் கார்ட் தடம் இருந்தது, 13 வயதில் மெக்லாரன் கைகொடுத்தது. இந்த இரண்டும் இல்லாத ஹாமில்டன்களின் பெயர் நமக்கு எப்படித் தெரியும்?

நம் மலேசியாவுக்கு வருவோம். சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 நடந்தது. அங்கே ஓடிய ஒரே மலேசியர் அலெக்ஸ் யோங். 2001இல் அவர் மினார்டி அணியில் சேர்ந்தார். அவருடைய தந்தை ஹனிஃபா யோங்கும் பந்தயக்காரர். பிரமாண்டமான தடம் பார்வையாளர்களைத் தந்தது. இரண்டாவது ஓட்டுநரைத் தரவில்லை. பினாங்கில் இரவு நேர மோட்டார் சைக்கிள் பையன்களைச் சுட்டி, 'தடம் கட்டினால் இவர்கள் திருந்துவார்கள்' என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சிப்பாங் வந்த பிறகும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாட் ரெம்பிட் எனப்படும் அத்தகைய பையன்கள் மறைந்துவிடவில்லையே. நான் கேட்பது வேறு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972 முதல் இயங்குகிறது. துல்லியமாக உலோகம் கடையத் தெரிந்த கைகளுக்கு இங்கே குறைவில்லை. அந்த வகையில் நாம் கோவைக்கு இளைத்தவர்கள் அல்ல. செபராங் பிறையில் ஒரு சிறு தடமும், மலிவாகக் கார் கட்டும் ஒரு பட்டறையும் போதும். 'பணக்காரர் விளையாட்டுக்குப் பொதுப்பணமா?' என்ற கேள்வி நியாயமானது. செலவு குறையாதவரை அது பணக்காரர் விளையாட்டுத்தான். கரிவரதன் மாருதி என்ஜினை எடுத்தது செலவைக் குறைக்கத்தானே? நம்மிடம் பழைய கஞ்சில் கார்களுக்கா பஞ்சம்?