பனியும் மணலும் திருப்பித் தந்த விமானங்கள்

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. எனினும் அப்போரில் வீழ்ந்த விமானங்களைத் தேடியெடுத்து, பழுது நீக்கி, மறுபடியும் பறக்கவிடும் முயற்சி மேலை நாடுகளில் நடந்தவண்ணம் உள்ளது. "பசித்தோர் எத்தனையோ பேர் இருக்க, கொல்லும் இயந்திரத்துக்கு இவ்வளவு செலவா?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் இம்முயற்சியை முற்றிலும் வீண் என்று நாம் தள்ளமாட்டோம். எல்லா விமானங்களையும் ஒரே தராசில் நிறுக்கவும் மாட்டோம்.

1942 ஜூலை 15 அன்று, இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட எட்டு அமெரிக்க விமானங்கள் மோசமான வானிலையில் சிக்கி, எரிபொருள் தீரும் நிலையில் கிரீன்லாந்தின் பனிப்பரப்பில் இறங்கின. அவற்றிலிருந்த இருபத்தைந்து பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர். விமானங்களோ அங்கேயே கிடந்தன. ஆண்டுதோறும் பெய்த பனி மேலே குவிந்துகொண்டே போனது. தேடிச் சென்றவர்கள் கண்டபோது அவை ஏறத்தாழ 80 மீட்டர் ஆழத்தில் இருந்தன! சூடேற்றிய கருவியால் பனியை உருக்கிக் கிணறுபோல் இறக்கினார்கள். அடியில் வெந்நீரைப் பீய்ச்சிக் குகை ஒன்றைக் குடைந்தார்கள். பி-38 வகை விமானம் ஒன்றைப் பாகம் பாகமாகக் கழற்றி 1992-இல் மேலே கொண்டுவந்தார்கள். பனியின் பாரத்தால் நசுங்கியிருந்த அதைச் சீராக்கப் பத்து ஆண்டுகள் பிடித்தன. 2002 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அது மீண்டும் பறந்தது. தையல் வகுப்பில் ஒரு மடிப்பைப் பிரித்துத் தைக்கச் சொன்னாலே முகம் சுளிக்கும் நம் தோழியர் இந்தப் பத்து ஆண்டுகளைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம்.

இத்துறையில் நம் பக்கத்து ஊரான பெங்களூருக்கும் பங்குண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. போர் முடிந்ததும், அமெரிக்காவிடமிருந்து பெற்றிருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் விட்டுச் சென்றது பிரிட்டிஷ் விமானப்படை. வேறெவரும் பயன்படுத்தலாகாது என்று வேண்டுமென்றே அவற்றைச் சேதப்படுத்தியும் வைத்தது. சுதந்திர இந்தியாவுக்கோ புதிய குண்டுவீச்சு விமானம் வாங்க வழியில்லை. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் தொழிற்சாலையினர் அக்குப்பையை ஆராய்ந்து, பறக்கும் அளவுக்கு மட்டும் அங்கேயே பழுது பார்த்தனர். பிறகு ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்து முழுமையாகச் செப்பனிட்டனர். இப்படி நாற்பதுக்கும் மேற்பட்டவை உயிர் பெற்றன. 1948 முதல் 1968 வரை நம் விமானப்படையில் அவை பணியாற்றின. அவற்றுள் ஒன்று பின்னர் அமெரிக்கா சென்று, மறுமுறையும் புதுப்பிக்கப்பட்டு, 1989-இல் பறந்தது. முதல்முறை தேவைக்காக, இரண்டாம் முறை நினைவுக்காக. நாம் முதலாவதையே பெரிதாக மதிக்கிறோம். ஆனால் முதலாவதன் கதை உலகுக்குத் தெரிந்ததே இரண்டாவதால்தான் என்றால் மறுக்க முடியுமோ?

செலவைப் பற்றியும் ஒரு சொல். 1940-இல் பிரான்சின் கலே கடற்கரையில் இறங்கிய ஸ்பிட்ஃபயர் ஒன்று 1980-இல் மணலிலிருந்து வெளிப்பட்டது. புதுப்பிக்கப்பட்டு 2011-இல் பறந்தது. 2015-இல் முப்பது லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போயிற்று. அப்பணம் விமானப்படையினரின் நலநிதிக்கும் வனவிலங்குப் பாதுகாப்புக்கும் அளிக்கப்பட்டது. ஆனால் நாற்பதாண்டு உப்பு நீரில் கிடந்த உலோகத்தில் எவ்வளவு பறக்கத் தகும்? இத்தகைய விமானங்களில் பெரும்பகுதி புதிதாகச் செய்யப்பட்டதே. அதில் குற்றமில்லை, எது பழையது, எது புதியது என்று பார்ப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பழையது என்று காட்டுவது ஏமாற்று.

நாம் உறுதியாக எதிர்ப்பது வேறொன்றை. 1942 ஜூனில் டென்னிஸ் காப்பிங் என்ற 24 வயது ஆங்கிலேய விமானி, பழுதான கிட்டிஹாக் விமானமொன்றைச் செப்பனிடக் கொண்டுபோகையில் எகிப்தின் பாலைவனத்தில் இறங்க நேர்ந்தது. அவர் திரும்பவேயில்லை. 2012-இல் விமானம் கண்டுபிடிக்கப்பட்டபோது அருகே அவருடைய பாராசூட்டின் மிச்சம் கிடந்தது. நிழலுக்காக அதை விரித்திருந்தார் போலும். அந்த விமானம் பின்னர் எல் அலமெய்ன் அருங்காட்சியகத்துக்குப் போய், புது வண்ணம் பூசிக்கொண்டு நிற்கிறது. இது நமக்கு உவப்பாக இல்லை. எழுபதாண்டு வெயில் தின்ற அத்தகடுதான் அந்த இளைஞனின் கடைசி நாட்களுக்குச் சாட்சி. சாட்சிக்கு யாராவது சாயம் பூசுவார்களா? கிரீன்லாந்தில் எல்லோரும் உயிருடன் திரும்பினார்கள், அங்கே தோண்டலாம். ஒருவர் திரும்பாத இடத்தில், முதலில் அவரைத் தேட வேண்டும். அவருடைய குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். விமானம் அப்புறம். பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீழ்ந்த இராணுவ விமானத்தை உரிமம் பெறாமல் தோண்டக் கூடாது. மற்ற நாடுகளும் இவ்வாறு செய்தால் நல்லது.

பணம் வாங்கிக்கொண்டு பயணிகளை இவற்றில் ஏற்றுவதையும் நாம் ஆதரிக்கவில்லை. 2019 அக்டோபரில் அமெரிக்காவில் போர்க்கால பி-17 ஒன்று பயணிகளோடு விழுந்து ஏழு பேர் மாண்டனர். ஓட்டுபவர் அபாயத்தை அறிந்து ஏறுகிறார். வேடிக்கை பார்க்க வந்தவர் அப்படியல்லவே.

பெங்களூரில் உயிர் பெற்ற லிபரேட்டர்களில் சில இன்று இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா முதலிய நாடுகளின் அருங்காட்சியகங்களில் உள்ளன. இங்கிலாந்தில் இருப்பது 1974-இல் தானே பறந்து போய்ச் சேர்ந்தது. அதைப் பார்க்கும் வாய்ப்பு நம் மாணவியரில் எவருக்கேனும் கிட்டினால், அங்குள்ள குறிப்புப் பலகையில் பெங்களூர்ப் பட்டறையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து நமக்கு எழுதட்டும்.