பொருந்தியும் பொருந்தாதது

பதுளையில் கட்டட வரைபடம் தயாரிக்கும் அன்பர் ஒருவர் தமது பெரிய கணினியின் நினைவகத்தைப் பெருக்கினார். கழற்றிய நான்கு 'ராம்' பலகைகளை, எல்லப் பகுதித் தோட்டத்து மாணவர்களுக்கு உதவுமென நம்மிடம் தந்தார். 2022இல் ரூபாயின் மதிப்புச் சரிந்தபின், புதுக் கணினி அக்குடும்பங்களுக்கு எட்டாப் பொருளன்றோ!

மாணவன் ஒருவனின் பழைய கணினியில் இரண்டைப் பொருத்தினோம். அழகாகப் பொருந்தின, ஆயினும் திரை இருண்டே கிடந்தது. பையனின் முகமும் இருண்டது.

முன்னாளில் நானுஓயாவிலிருந்து இராகலைக்குக் குறுகிய பாதையில் புகையிரதம் ஓடிற்று. அப்பெட்டி எல்லவுக்கு வரும் அகலப்பாதையில் ஓடுமா? நினைவகத்திலும் இத்தகைய பேதமுண்டு. டி.டி.ஆர்.3 பலகைக்கு 240 தொடுமுனைகள்; 2014இல் விற்பனைக்கு வந்த டி.டி.ஆர்.4 பலகைக்கு 288. வெட்டுவாயும் இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதன் இடத்தில் நுழையாது. வலிந்து அழுத்துவோர் கணினியையே கெடுப்பர்.

நம்மை ஏமாற்றியதோ வேறு. பெரிய கணினிகள் பலவற்றில் 'ரெஜிஸ்டர்ட்' என்னும் வகை நினைவகம் இருக்கும். வீட்டுக் கணினி அதனை ஏற்பதில்லை. பலகையில் ஒட்டிய சீட்டில் வேக எண்ணின் ஈற்றில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. சாதாரணப் பலகையாயின் 'யூ' இருந்திருக்கும். கண்ணாடி அணிந்து முதலிலேயே படித்திருக்கலாம்!

பலகைகளைத் திருப்பிக் கொடுத்தோம். அன்பரின் அலுவலகத்திலிருந்த மற்றொரு பெரிய கணினி அவற்றை ஏற்றுக்கொண்டது. அங்கே மூலையில் கிடந்த சாதாரணக் கணினியிலிருந்து இரு 4 ஜிபி பலகைகள் பையனுக்குக் கிடைத்தன. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, தொடுமுனைகளை அழிறப்பரால் மெல்லத் துடைத்து, இம்முறை அவனே பொருத்தினான். திரை ஒளிர்ந்தது.